வேம்பில் வளர்ந்த புல்லுருவி

வீரபாண்டியில் குடியேறியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்திருந்தோம். எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. என் கணவர் நிட்டிங் மெஷின் ஓட்டினார், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். அறைக்குள் வெக்கை தாங்காது என்று பகலில் வாசல் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டுத் தூங்குவார்.

மரத்தின் பெரிய கிளையொன்றில் புல்லுருவி மண்டியிருந்தது. மாசியில் வேம்பு மொட்டையாக நின்றபோதும் அது மட்டும் பச்சைப் பசேலென்று, ஆரஞ்சுப் பூவோடு இருந்தது. கட்டைவிரல் அளவுக் குருவிகள் ஓயாமல் வந்து அதன் பழத்தைத் தின்றன.

“மரத்தோட சாறை உறிஞ்சித்தான் இது வளருது. கிளையோட வெட்டிரணும்” என்றார் கணவர்.

வீட்டுக்கார அம்மா ஒப்பவில்லை. “ஏனுங்க தம்பி, பச்சையா இருக்கறது அது ஒண்ணுதானுங்க. அதையும் வெட்டிப்போட்டா குருவி எங்கீங்க போகும்?”

நானும் அந்த அம்மா பக்கமே பேசினேன். குருவிகளை எனக்குப் பிடித்திருந்தது.

சித்திரையில் மற்ற கிளைகள் தளிர்த்தன. அந்தக் கிளையின் நுனி மட்டும் காய்ந்தே கிடந்தது. பட்டை உரிந்து விழுந்தது. புல்லுருவியோ இன்னும் செழித்தது. காற்றடித்தால் கிளை முனகும். கட்டிலைத் தள்ளிப் போடச் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். வேலைக்கு ஓடும் அவசரத்தில் சொல்லாமலே போவேன்.

ஆனிக் காற்று தொடங்கிய வாரம், ஒரு மதியம் சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்து, “உடனே வீட்டுக்குப் போங்கம்மா” என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டில் மேல் கிளை கிடந்தது. அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள்.

வலது தோள் எலும்பு நொறுங்கியிருந்தது. கை அதன்பின் தலைக்கு மேல் எழவே இல்லை. மெஷின் உச்சியில் நூல் கோன் மாட்ட முடியாதவருக்கு அங்கே என்ன வேலை? வேறொரு கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார்.

“நாந்தாங் கண்ணு வெட்ட வேண்டாம்னேன்” என்று வீட்டுக்கார அம்மா அழுதார். “நானுந்தானே சொன்னேன்” என்றேன்.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள் கணவர் என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டார். நல்ல கிளையொன்றில், குருவி எச்சத்தோடு பசை போல ஒட்டியிருந்த புல்லுருவி விதையிலிருந்து இரண்டு இலைகள் விட்டிருந்தன.

“குருவிக்குத் தீனி, இதுக்குப் புது எடம். மரத்துக்குத்தான் ஒண்ணும் இல்ல” என்றார்.

ஸ்டூலில் ஏறி அதைச் சுரண்டி எறிந்தேன். அண்ணாந்து பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. அதற்கு மேலே, எனக்கு எட்டாத உயரத்தில், இன்னும் நாலைந்து.