மாரியாயி அக்கா காத்த வாசல்

பிள்ளைப்பேறு பார்க்கும் குடும்பநல மாது சைக்கிளை விட்டு இறங்காமல், வேலிப் படலையில் காலூன்றி நின்றபடியே சொன்னார். "மாரியாயி போயிட்டா, பிள்ளை. மலேரியா தலைக்கு ஏறிட்டுது." நான் என் அக்காவின் பிள்ளையுடைய துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். எப்போது என்று கேட்கவும் வாய் வரவில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கராயனில் பிள்ளை பெற்ற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தாய்சேய் நிலையத்தில் கூட்டிக் கழுவுவது அவருடைய வேலை. மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். ஒரு தாய்க்குப் பால் வரவில்லை என்றால் மாது அவரைத்தான் அனுப்புவார்.

நாங்கள் சண்டைக்குப் பயந்து பரந்தனிலிருந்து இடம்பெயர்ந்து இங்கே வந்து கொட்டிலில் இருந்தபோது அக்காவுக்கு முதற்பிள்ளை பிறந்தது. கருவாடு வாங்க நாயாற்றுக் கடற்கரைக்குப் போன அத்தானைப் பற்றிப் பத்து நாளாகச் சேதி இல்லை. பாதையில் சைக்கிள் மணி கேட்டாலே அக்கா திடுக்கிட்டு எழும்புவாள். நான்காம் நாளாகியும் பால் சுரக்கவில்லை. பிள்ளைக்கு அழுது அழுது குரல் கம்மிவிட்டது. கடைகளில் பால்மா இல்லை. பிள்ளை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்றே, "பால் வந்திட்டுதோ?" என்றார்கள். அம்மா ஒவ்வொருவர் முன்னாலும் அக்காவின் மார்பை அழுத்திப் பார்த்து, "ஒரு சொட்டும் இல்லை" என்பார். அக்கா கிடுகுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மாரியாயி அக்கா வந்து இதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அம்மா, நீங்க போயி பத்தியக்கறிய வைங்க. நான் கூப்பிட்டா வாங்க" என்றார்.

"தோட்டத்தால வந்தவ எனக்குப் படிப்பிக்கிறா" என்று அம்மா குசினிக்குள் போய்ச் சட்டியை அடித்து வைத்தார்.

மாரியாயி அக்காவுக்கு அது கேட்டிருக்கும். என் பக்கம் திரும்பினார். "நீ உள்ள போ. பேசாத புள்ளதான் இதுக்குத் தோது. முதுகத் தடவி விடு. எதையும் கேக்காத." வாழ்க்கையில் ஒருவர் என்னைப் பேசாதே என்று சொல்லி வேலைக்கு எடுத்தது அன்றுதான்.

அவர் சுளகில் அரிசியோடு வாசலை அடைத்து உட்கார்ந்தார். பிள்ளை பார்க்க வந்த அயல்வீட்டு மாமியின் கையிலும் ஒரு சுளகைக் கொடுத்தார்.

"நான் பிள்ளையைப் பார்க்க வந்தனான், அரிசி பார்க்க இல்லை!"

"புள்ள எங்கயும் ஓடிறாது மாமி. கல்லு உங்க பல்லுலதான் மாட்டும். பொறுக்குங்க."

உள்ளே அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பிள்ளை சட்டையில்லாமல் அவள் மார்போடு கிடந்தது. மாரியாயி அக்கா வாசலில் இருந்தபடியே தாழ்ந்த குரலில் சொன்னார். "தோள எறக்கு தாயி. பல்லக் கடிக்காத. மூச்ச மெல்ல விடு. பால் வருதான்னு பாக்காத, புள்ளயப் பாரு. காது யார் சாடை?"

அக்கா அப்போதுதான் பிள்ளையைச் சரியாகப் பார்த்தாள். "அவரின்ர காதுதான். உந்த விசிறிக் காது" என்று அழுதாள், பிறகு சிரித்தாள். என் கைக்குக் கீழே அவள் முதுகு இளகுவது தெரிந்தது. வெயில் சாயும் நேரம் பிள்ளை எதையோ விழுங்கும் சத்தம் கேட்டது. பிறகும் கேட்டது. அக்காவின் மற்றப் பக்கத்துச் சட்டை நனைந்திருந்தது. நான் கத்தவில்லை.

அதற்குப் பிறகும் மாரியாயி அக்கா பல நாள் வந்தார். ஒருநாள் தன் கதையைச் சொன்னார். தோட்டத்தில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் கைக்குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடிப்போய்ப் பால் கொடுக்க வேண்டுமாம். நேரமாச்சு என்று கங்காணி கத்துவாராம். "நெஞ்சு படபடன்னு அடிக்கையில எப்படிம்மா சொரக்கும்? எனக்குச் சொரக்கல." அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதன் பெயரைக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இனிக் கேட்க முடியாது.

அத்தான் திரும்பி வந்துவிட்டார். பிள்ளை இப்போது தவழ்கிறாள்.

செத்தவீட்டுக்குப் போய்வந்த கிழமையே அயலில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது. அம்மாவோடு நானும் போனேன். அம்மா வாசலில் நின்று, "பால்..." என்று கேட்க வாயெடுத்தார். பிறகு தலையை உள்ளே நீட்டாமல், "குசினியில என்ன வேலை கிடக்கு, பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டு கொட்டிலைச் சுற்றிப் பின்பக்கம் போனார்.

மாரியாயி அக்கா, எங்கள் வீட்டில் நீங்கள் இருப்பது அப்படித்தான்.