தெர்மாகோல் சுவரில் இரண்டு தட்டு

போன குளிர்காலம் முழுவதும், கனடாவில் கால்கரிக்கு வெளியே இருக்கும் என் வீட்டில் தினமும் மாலை ஐந்தரை மணிக்கு யாரோ சுவரை இரண்டு முறை தட்டினார்கள். டொக், டொக். அவ்வளவுதான். அந்தச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீடு கிடையாது. முழங்காலளவு பனி மூடிய வெற்று வயல். வெளியே போய்ப் பார்த்தால் பனியில் ஒரு காலடிகூட இருக்காது. என்னோடு வேலை செய்யும் கெவினிடம் சொன்னேன். "பைப்பில் காற்று அடைத்திருக்கும், பிளம்பரைக் கூப்பிடு" என்றான். அந்தச் சுவரில் பைப்பே இல்லை என்றேன். "அப்படியானால் எலி" என்றான். நான் பயந்துபோயிருக்கிறேன் என்பது கடைசிவரை அவனுக்குப் புரியவில்லை.

சுவரைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதுதான் என் பிழைப்பு. தெர்மாகோல் கட்டைகளை நடுவில் இடம் விட்டு அடுக்கி, உள்ளே கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றுவோம். கான்கிரீட் இறுகிய பிறகும் தெர்மாகோலைக் கழற்றுவதில்லை. இருபுறமும் போர்வையாக அப்படியே நின்றுவிடும். குளிர் நுழையாது, வெயில் நுழையாது, சத்தமும் நுழையாது. என் வீட்டுச் சுவரையும் நானேதான் அடுக்கினேன்.

அந்தப் பெருமையோடுதான் அதற்கு முந்தைய கோடையில் ஆவடி சேக்காட்டுக்குப் போய் அம்மாவுக்கும் அப்படி ஒரு வீடு கட்டினேன். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்தாள். பழைய வீட்டுக்கும் பக்கத்துச் சரோஜா அக்கா வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். காலை ஆறு மணிக்கு அம்மா அதில் சொம்பால் இரண்டு தட்டு தட்டுவாள். எழுந்துவிட்டேன் என்று பொருள். அந்தப் பக்கமிருந்தும் இரண்டு தட்டு வரும். லீவில் வந்த எனக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் தொல்லை, வேறொன்றுமில்லை. பழைய வீட்டை இடித்துவிட்டு, எங்கள் பக்கம் மூன்றடி சந்து விட்டுப் புதுச் சுவரை எழுப்பினேன். செங்கல் சுவருக்கு விடுவதுபோல அம்மா தினமும் அதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். சொட்டுகூட ஊறாமல் அத்தனையும் அவள் காலடியில் வழிந்தது.

"இன்னாடா செவுரு இது, தண்ணியே குடிக்க மாட்டேங்குது," என்றாள். "ரயிலு போற சத்தம்கூட கேக்கல நைனா. உள்ள குந்திகினா காது அடைச்ச மாரி கீது."

"அதுக்குத்தாம்மா இந்த செவுரே" என்று சிரித்தேன்.

இங்கே மாலை ஐந்தரை என்றால் சேக்காட்டில் மறுநாள் காலை ஆறு. இது எனக்கு உறைக்கவே ஒரு மாதம் ஆனது. மார்ச்சில் இந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். தள்ளிவைத்த அன்றே தட்டல் ஆறரைக்கு மாறியது. அம்மாவிடம் போனில் கேட்டேன். "டெய்லி தட்டிகினுதான் கீறேன், பழக்கம் உடல. சரோஜாவுக்குத்தான் கேக்கறதில்ல" என்றாள்.

ஏப்ரலில் ஒரு மாலை தட்டல் இரண்டோடு நிற்கவில்லை. பத்து, இருபது என்று போய்க்கொண்டே இருந்தது. அம்மா போனை எடுக்கவில்லை. சரோஜா அக்காவை அழைத்து, அம்மா சுவரை விடாமல் தட்டுகிறாள், போய்ப் பாருங்கள் என்றேன்.

"இன்னா தம்பி சொல்ற, இங்க ஒரு சத்தமும் இல்லியே" என்றபடியே தன்னிடமிருந்த மாற்றுச் சாவியோடு போனாள். போனை அணைக்கவில்லை. கதவு திறந்ததும் அதில் சொம்புச் சத்தம் கேட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து கிடந்தபடி அம்மா சுவரை அடித்துக்கொண்டிருந்தாள். போனில் ஒரு அடி, என் சுவரில் ஒரு அடி, இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. அக்கா சொம்பைப் பிடுங்கியதும் இரண்டும் ஒன்றாக நின்றன.

மூன்றடி தள்ளி இருந்தவளுக்குக் கேட்காதபடி கட்டியவன் நான். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை. மே மாதம் போய், நான் எழுப்பிய சுவரில் நானே மெஷின் வைத்து ஜன்னல் அறுத்தேன். சேக்காட்டு வெயிலில் வெள்ளை வெள்ளையாகத் தெர்மாகோல் துகள் பறந்து வியர்வையில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலை கட்டிலில் படுத்தபடியே அம்மா ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு தட்டினாள். சந்துக்கு அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது. அம்மா சிரித்ததை ரொம்ப நாளுக்குப் பிறகு பார்த்தேன்.

கால்கரிக்குத் திரும்பி வந்த அன்று ஆறரைக்கு என் சுவருக்கு எதிரே உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவே இல்லை. அம்மா தட்டுவது சரோஜா அக்காவுக்கே கேட்கிறது, இனி அது என்னிடம் வர வேண்டியதில்லை. நல்லதுதான், ஆனாலும் தாங்க முடியவில்லை. நசுங்கிப்போன அந்தச் சொம்பைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். இப்போது தினமும் ஆறரைக்கு நான்தான் இரண்டு தட்டு தட்டுகிறேன். பிறகு காதை ஒட்டிவைத்துக் காத்திருக்கிறேன், எந்தச் சத்தமும் தாண்டாது என்று ஊரெல்லாம் சத்தியம் செய்து நான் விற்கும் அதே சுவரில்.