உங்கள் பிழையல்ல, அம்மா

எங்கள் அம்மா இறைவனில் இளைப்பாறி ஓராண்டு நிறைவுறுகிறது. இன்றைய திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே மகள் எழுதுகிறேன்.

இந்த வீட்டிலிருந்து நினைவு மலர் ஒன்று வெளிவந்தால் அது என்னுடையதாகவே இருக்கும் என்று உங்களில் பலர் எண்ணியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அம்மா அதற்கு அஞ்சியே வாழ்ந்தார். ஆனால் முறை மாறிவிட்டது. முப்பது வயதைக் கடந்து நான் இருக்கிறேன், என்னை இருக்கவைத்தவர் இல்லை. இதை எழுதும்போது துயரத்தைவிடக் குற்ற உணர்வே மிகுதியாக இருக்கிறது. அதை மறைத்து அழகாக ஒன்றை எழுதித் தர எனக்கு மனம் வரவில்லை.

அம்மா பாலையூற்றில் பிறந்தார். இரண்டு பெண் பிள்ளைகளில் மூத்தவர். உயர்தர வகுப்பு வரை படித்துவிட்டு, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிறு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அவர் பாடினால் ஆலயத்தின் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்குமாம். ஓர் ஆசிரியரின் சம்பந்தம் வீடு தேடி வந்தபோது, தம் தாய்மாமனின் மகனைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று நின்றார். அந்த மச்சான்தான் என் அப்பா. உட்துறைமுகக் கரையில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவர்.

"எந்த நேரமும் எஞ்சின் ஒயில் மணக்கிறவனைக் கட்டி என்ன செய்யப் போறாய்?" என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள்.

"மணக்கிறவரைத்தானே மணக்கப் போறன்" என்றாராம் அம்மா.

நெருங்கிய உறவுக்குள் திருமணம் என்பதால் ஆயர் இல்லத்தின் அனுமதி தேவைப்பட்டது. அப்பாவுக்கு அந்தப் படி ஏறக் கூச்சம். அம்மாவே தம் தகப்பனாரை அழைத்துக்கொண்டு போய், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி அனுமதி வாங்கி வந்தார். நான் பிறக்கும்வரை அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார் என்று சின்னம்மா சொல்வார்.

ஓர்ஸ் ஹில்லில் வாடகை வீடொன்றில் இருவரும் குடியேறினார்கள். அடுத்த ஆண்டு நான் பிறந்தேன். முதற்தடவை குளிப்பாட்டித் துவட்டியபோது என் காலில் இருந்த தோல் துவாயோடு வந்துவிட்டது. அம்மா அலறிய அலறலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். தாம் அழுத்தித் துவட்டியதால் வந்தது என்றே அன்று நினைத்தார். பிறகு தூக்கிய இடமெல்லாம், உடுப்பு உராய்ந்த இடமெல்லாம் கொப்புளம் எழுந்தது. கிரகணத்தன்று வெளியே போயிருப்பாய் என்றார் ஒருவர். சூட்டுச் சாப்பாடு சாப்பிட்டிருப்பாய் என்றார் இன்னொருவர். யார் எந்தப் பிழையைச் சொன்னாலும் அம்மா அதை மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

கடைசியில் கொழும்பில் ஒரு தோல் வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார். பெயர் நீளமாக இருந்ததால், ஒரு தாளில் படம் கீறி விளக்கினார். மேற்றோலின் அடியில் இருக்கும் கலங்கள் மெல்லிய சவ்வொன்றைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சவ்வை அதன் கீழுள்ள உட்தோலோடு இறுக்கிக் கட்டி வைப்பவை மிகச் சிறிய நார்கள். அவற்றை நங்கூர நார்கள் என்பார்கள். அந்த நார்களைச் செய்யும் புரதம் இந்தப் பிள்ளையின் உடம்பில் ஒழுங்காக உண்டாவதில்லை. அதனால் மெல்ல உராய்ந்தாலே மேற்றோல் கழன்று, இடையில் நீர் கோக்கிறது. வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும்கூட அப்படித்தான்.

"நங்கூரக் கயிறு இல்லாத வள்ளம்" என்றார் அப்பா.

"ஓம், அப்படித்தான்" என்றார் வைத்தியர். பிறகு மற்றதையும் சொன்னார். இந்தப் புரதத்துக்கான பரம்பரையலகு எல்லோரிடமும் இரண்டு இருக்கும். அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒன்று நல்லது, ஒன்று பழுது. ஒன்று நல்லதாக இருந்தாலே போதும் என்பதால் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு இருவரிடமிருந்தும் பழுதானதே வந்துவிட்டது.

அம்மா கேட்டார்: "டொக்டர், நான் சொந்தத்துக்குள்ள கட்டாமல் விட்டிருந்தால்?"

வைத்தியர் மறைக்காமல் சொன்னாராம். "இப்படி வாற வாய்ப்பு நல்லாக் குறைஞ்சிருக்கும். ஆனா அம்மா, இது உங்கட பிழையில்லை. ஆருக்கும் முன்கூட்டித் தெரிஞ்சிருக்க ஏலாது."

அம்மா முதல் வசனத்தை மட்டுமே வீட்டுக்குக் கொண்டுவந்தார். பழியை இறக்கி வைக்கத்தான் அந்த மனிதர் படம் கீறினார். அதுவரை எங்கெங்கோ அலைந்த பழி அந்தப் படத்தின்மேல்தான் வந்து உட்கார்ந்தது. ஆசிரியரைக் கட்டச் சொன்னார்கள், கட்டவில்லை. அனுமதி இல்லாமல் நடக்காது என்றார்கள், தாமே போய் வாங்கினார். எனவே தாம்தான் என்று முடிவு செய்துவிட்டார். வேறு பிள்ளை வேண்டாம் என்றும் அவரே தீர்மானித்தார்.

அதன் பிறகு அம்மாவின் காலைகள் எனக்குரியவை ஆயின. வெந்நீரில் பழைய கட்டுகளை ஊறவைத்துக் கழற்றுவார். புதிய கொப்புளத்தின் ஓரத்தில் ஊசியால் குத்தி நீரை வடியவிடுவார். மேலுள்ள தோலை உரிக்கமாட்டார், அதுவே மூடியாக இருக்க வேண்டும். வாசலின் களிம்பு தடவிய துணியைப் போர்த்துச் சுற்றுவார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் ஒவ்வொன்றுக்கும் இடையில் துணி வைப்பார். அப்படியும் என் விரல்கள் மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டன. இன்று வலது பெருவிரல்தான் தனியாக நிற்கிறது. இந்தக் கட்டுரையை அந்த ஒரு விரலால்தான் தட்டச்சு செய்கிறேன்.

அப்பாவை அவர் என்னருகில் விடுவதில்லை. எஞ்சின் கழற்றிய கைகள், காய்ப்பேறியவை. "இஞ்சருங்கோ, தொட வேண்டாம், பிள்ளை உரிஞ்சு போவாள்" என்பார். அப்பா வாசலில் நின்று என்னோடு கதைத்துவிட்டுப் போய்விடுவார். சிறுவயதில் அவர் என்னைத் தூக்கிய ஞாபகம் எனக்கு இல்லை. போரில் ஒருமுறை எல்லோரும் இடம்பெயர்ந்த நாளில் மட்டும், தலையணையோடு சேர்த்து என்னை ஏந்திக்கொண்டு நடந்தார். வழியில் சோதனைச் சாவடியில் என் கட்டுகளைக் காட்டி ஏதோ கேட்டார்கள். அம்மா ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினார். பார்த்த இராணுவச் சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, போகும்படி கைகாட்டினான்.

மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் அம்மா ஒரே விடயத்தையே சொல்லிவந்தார். இதை அவரே எனக்குச் சொன்னார். எங்கள் பங்குத்தந்தை ஒருநாள் பொறுமை இழந்துவிட்டாராம்.

"அம்மா, இது பாவமில்லை. பாவமில்லாததுக்கு நான் எப்படி மன்னிப்புக் குடுக்கிறது? இதை இனி இஞ்ச கொண்டு வராதேங்கோ."

"அப்ப எங்க கொண்டு போறது பாதர்?" என்று கேட்டிருக்கிறார் அம்மா.

நானும் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், உங்கட பிழை இல்லை அம்மா என்று. வளர்ந்த பிறகு நோயைப் பற்றி நிறைய வாசித்தேன், வாசித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். "ஓம் பிள்ளை" என்பார். அந்த "ஓம்" எனக்காகச் சொன்னது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. குனிந்து எனக்கு மருந்து கட்டும்போது நடுவில் நிறுத்தி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இங்கே ஆஸ்பத்திரி வாட்டில் வைத்துப் பரிசோதித்தார்கள். இதய வால்வு பழுது, கொழும்புக்குப் போய்ச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். நான் பார்க்கப் போயிருந்த நேரம், மருந்து ஏற்றிய ஊசியைக் கழற்றத் தாதி மிஸ்ஸி ஒருவர் வந்தார். கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை ஒரே இழுவையில் எடுத்தார். அம்மாவின் தோல் சற்றுச் சிவந்தது, அவ்வளவுதான். அம்மா அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். தம் தோல் கழலாமல் இருந்ததற்கு அவர் வெட்கப்பட்டார் என்பது எனக்கு விளங்கியது.

சத்திரசிகிச்சைக்கு அம்மா மறுத்தார். "ஒரு மாதத்துக்கு மேல அங்க கிடக்க வேணுமாம். இவளுக்கு ஆர் கட்டுறது? ஏலாது."

அப்போதுதான் அப்பா எவரிடமும் சொல்லாமல் ஒன்று செய்யத் தொடங்கினார். கைகளை வெந்நீரில் ஊறவைத்து, காய்ப்புகளைக் கல்லில் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசினார். எஞ்சின் வேலையை மற்றவர்களிடம் விட்டார். சில வாரங்களின் பின் ஒரு காலை, கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு என் கட்டிலருகே வந்து இருந்தார். அம்மா கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தார்.

"நீர் சும்மா இரும். பிழைச்சால் பிள்ளை சொல்லுவாள்தானே" என்றார் அப்பா.

அன்று அவர் கட்டி முடிக்க மதியமாகிவிட்டது. வியர்வை என்மேல் சொட்டாமலிருக்கத் தோளில் துவாய் போட்டிருந்தார். ஒரு புதிய காயமும் வரவில்லை. அம்மா அழுதார்.

"இவ்வளவு காலமும் நான் உங்களைத் தொட விடேல்லையே."

"அதையும் பாதரிட்டச் சொல்லப் போறீரோ?" என்று அப்பா கேட்க, மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் நான் சொன்னேன்: "போயிட்டு வாங்கோ அம்மா. எனக்கு மருந்து கட்ட இப்ப ஆள் இருக்கு. அம்மாவா இருக்கத்தான் வேற ஆள் இல்லை."

அந்த வார்த்தைக்காகத்தான் அவர் போனார்.

சின்னம்மா அவரோடு போனார். கொழும்பிலிருந்து காலையில் தொலைபேசியில் படத்தோடு அழைத்து, அப்பா கட்டுவதை அம்மா பார்ப்பார். "முழங்கையில மெதுவா... அதில துணி காணாது" என்பார். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்றார்கள். கண் விழித்து, "பிள்ளைக்குக் கட்டியாச்சோ?" என்று சின்னம்மாவிடம் கேட்டிருக்கிறார். கட்டியாயிற்று என்றதும் தலையசைத்தார். அன்று மாலை அவருடைய இதயம் நின்றுவிட்டது. வைத்தியர்கள் முயன்று பார்த்தார்கள், மீளவில்லை.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில், என்னைக் கட்டியணைத்து அழ வந்தவர்களை அப்பா கைநீட்டித் தடுத்தார். சிலர் மனம் நொந்து போனதாக அறிந்தேன். அருள்கூர்ந்து பொறுத்துக்கொள்ளுங்கள். யாரும் அணைத்தால் என் தோல் தாங்காது. அம்மாவின் நெற்றியில் நானும் முத்தமிடவில்லை, கன்னத்தை மெல்ல வைத்து எடுத்தேன். பெட்டியின் ஓரத்தைப் பிடித்து அழுதிருந்தால் என் கை கிழிந்திருக்கும். அந்தக் கையைக் கட்ட அம்மா எழும்பி வரப்போவதில்லை என்று அப்போதும் ஒரு கணக்கு மனதில் ஓடியது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

போகச் சொன்னது நான். போகாமல் இருந்திருந்தால், மூச்சு வாங்கினாலும், கடந்த நத்தார்த் திருநாளுக்கு அவர் இருந்திருக்கக்கூடும். செய்யாவிட்டால் இன்னும் விரைவில் போயிருப்பார் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அப்பா ஒவ்வொரு காலையும் கட்டும்போது, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "உன்ர பிழையில்லை பிள்ளை." நான் "ஓம் அப்பா" என்கிறேன். அம்மாவுக்கு ஏன் என் சொற்கள் போதவில்லை என்பது இப்போது விளங்குகிறது. காரணம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனம் ஆறவில்லை. அம்மா இவ்வளவு காலம் இதைத் தனியே சுமந்திருக்கிறார். பக்கத்திலேயே இருந்தும், எடுத்துச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன்.

அம்மாவின் மெல்லிய பழஞ்சேலைகளோடு தங்கள் சேலைகளையும் கட்டுத்துணிக்காகத் துவைத்து மடித்துத் தந்த ஓர்ஸ் ஹில் அயலவர்களுக்கும், கொழும்பில் உறங்காமல் காவலிருந்த சின்னம்மாவுக்கும், இங்குள்ள வாட்டின் தாதியர்களுக்கும், வைத்தியர்களுக்கும், அம்மாவை அவர் சொந்த ஊர் மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்த்த வான் வண்டிச் சாரதிக்கும், அடக்கத்தில் அவருக்குப் பிடித்த பாட்டுகளைப் பாடிய பாடகர் குழுவுக்கும், அன்று அப்படிச் சொன்ன பிறகும் அம்மாவை வாசலில் நிறுத்தாமல் மாதாமாதம் செவிமடுத்த பங்குத்தந்தைக்கும் அப்பாவும் நானும் என்றும் நன்றியுடையோம்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா போய்ச் சில மாதங்களில், கிண்ணியாவிலிருந்து ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு வந்தார். சிகிச்சை நிலையத்தில் யாரோ அம்மாவைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் இறந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். குழந்தையின் கால்களில் கொப்புளங்கள்.

"நான் என்ன பாவம் செஞ்சனோ தெரியா" என்றார். "புள்ள வயித்தில இரிக்கக்குள்ள என்ன பிழ விட்டனோ."

உங்கட பிழையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. அப்பாதான் கைகளைக் கழுவிக்கொண்டு வந்தார். "அதை ஆறுதலாக் கதைப்பம் மகள். முதல்ல பிள்ளையை இந்தத் தலையணையில வையுங்கோ. கக்கத்தில பிடிச்சுத் தூக்கக் கூடாது, அடியில கையை விட்டு ஏந்த வேணும்."

அவர் வைத்தார். அப்பா ஒரு கொப்புளத்தைக் குத்திக் காட்டினார். அடுத்ததை அந்தத் தாயே குத்தினார். வாசலின் களிம்புத் துணியை எப்படிப் போர்த்துவது என்று நான் சொல்லிக்கொடுத்தேன். குழந்தை அழுது அழுது, பின்னர் உறங்கிவிட்டது.

அதன் பிறகு அவர்கள் வாராவாரம் வருகிறார்கள். முதலில் ஒவ்வொரு முறையும் அவர் அதே கேள்வியைக் கேட்பார். நான் பதில் சொல்லாமல் அருகில் இருப்பேன், அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். போன வாரம் அவர் அதைக் கேட்கவில்லை. வந்தவுடன் குழந்தையின் கீழுதட்டை மெல்ல விலக்கி, முளைத்திருந்த முதற் பல்லைக் காட்டினார்.