பேதுருவை நிறுத்திய குரல்

மூன்று வருடத்துக்கு முந்தி, திசையன்விளைப் பக்கத்தில் என் கணவரின் சொந்த ஊர்ச் சர்ச்சில், ஊரே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை. பாளையங்கோட்டையில் தமிழ் டீச்சர் என்பதால் நாடகம் எழுதும் பொறுப்பு என் தலையில் வந்தது. இயேசு கூப்பிட்டதும் மீனவர் பேதுரு வலையை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னால் போகிறார். அடுத்த காட்சியில், காய்ச்சலாகக் கிடக்கும் பேதுருவின் மாமியாரை இயேசு குணமாக்குகிறார். அவ்வளவுதான், சர்ச்சில் எல்லாருக்கும் தெரிந்த கதை. வேதத்தில் இல்லாத ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. சொந்தக் கற்பனையைக் கலந்தால் பாவம் என்று பயம். அப்படிக் கலக்காததில் கொஞ்சம் பெருமையும்கூட!

மத்தியானச் சாப்பாடு முடிந்து பந்தலில் நாடகம் தொடங்கியது. பேதுருவாக நடித்தவர் பஸ் கண்டக்டர். வலையை உதறிப் போட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்திருப்பார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்து கத்தினார்.

"ஐயா பேதுரு! வீட்டுல ஒரு வார்த்த சொல்லாண்டாமா? மாமியா இருக்கான்னா பொண்டாட்டியும் இருப்பாள்லா?"

பந்தலே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு வேறு கவலை. வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்ற ஒருவனை இயேசு கண்டித்ததாக வேதத்திலேயே இருக்கிறதே! முன்வரிசையில் குருவானவர் வேறு.

கண்டக்டர் நின்றுவிட்டார். மெல்லத் திரும்பி, "ஆண்டவரே, வீட்டுல சொல்லிட்டு வந்துருதேன்" என்றார். இயேசுவாக நடித்த தையல்காரர் என்ன செய்தார் தெரியுமா? தலையை ஆட்டிவிட்டு, மேடையில் வைத்திருந்த படகின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். காத்திருந்தார்!

மனைவி வேஷத்துக்குத்தான் ஆளே இல்லையே! நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த காட்சிக்காக மாமியார் வேஷத்தில் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுத்திருந்த என் நாத்தனார் போர்வையை உதறிவிட்டு மேடைக்கு ஓடினாள்.

"அவ உள்ள அழுதுக்கிட்டு இருக்கா மாப்ள. நான் பாத்துக்கிடுதேன். நீங்க போயிட்டு வாங்க."

அடுத்த காட்சியில் அதே மாமியாரின் கையைப் பிடித்து இயேசு தூக்கிவிட்டபோது எத்தனை பேர் கண்ணைத் துடைத்தார்கள்! கூப்பிட்டவர் அந்த வீட்டையும் தேடி வந்தார் என்பது எழுதிய எனக்கே அப்போதுதான் உறைத்தது.

நாடகம் முடிந்ததும் அந்தப் பெண்ணைத் தேடி ஓடினேன். "கிறுக்கச்சி மாதிரி கத்திட்டேன் டீச்சர், தப்பா எடுக்காதிய" என்றார். "எங்க வீட்டுக்காரரு மஸ்கட்டுக்குப் போகும்போது, நான் அழுவேன்னு நெனச்சி, சொல்லாமலே விடியக்காலம் கிளம்பிட்டாரு. டெய்லி போன்ல பேசுதாரு. ஆனா அன்னைக்குச் சொல்லாத அந்த ஒரு வார்த்த மட்டும் இன்னும் மனசுல நிக்கி."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் யாரோ புறப்பட்டுப் போனார் என்று வேதத்தில் வாசிக்கும்போது, அவர் வீட்டு வாசலில் நிற்பது யார் என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடிப் பார்க்கிறேன். அந்த நிமிஷத்தையும் என் ஜெபத்தில்தான் சேர்த்துக்கொள்கிறேன்.