தம்பி சூரத்தில் இருக்கிறான்

கனகராஜுக்குப் பொய் வராது என்று தி.நகர் முழுக்கப் பேச்சு. அங்கே சேலைக்கடை வைத்துக்கொண்டு அப்படிப் பெயர் எடுப்பது லேசான காரியமில்லை. சாயம் போகும் என்றால் போகும் என்று சொல்லித்தான் விற்பார். அந்த மனிதர் மகள் மதுமதியின் நிச்சயதார்த்தத்தன்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்.

மறைத்தது கூடப்பிறந்த தம்பி பாலகணேஷை. அவனுக்கு இதயத் துடிப்பு சீர் தப்பி ஓடுகிறது. டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னார். உடம்பில் அழற்சி வந்தால் ரத்தத்தில் ஏறுகிற புரதங்கள் சிலவற்றுக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு உண்டென்று ஜீன் ஆராய்ச்சிகள் காட்டுகின்றனவாம். சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் புரதம் கூடுதலாம். வந்தே தீரும் என்றில்லை, ஆனாலும் அண்ணனும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளட்டும் என்றார். கனகராஜ் காதில் விழுந்தது 'பிறவியிலேயே' என்ற ஒரு சொல்தான்.

"ரத்தத்துலயே கோளாறுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான்?" என்று பரிசோதனைக்கே போகவில்லை. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிற தம்பியையும் மேற்கு மாம்பலம் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். யாராவது கேட்டால் சூரத் போயிருப்பதாகச் சொல்ல ஏற்பாடு. "சரிண்ணே" என்றான் அவன்.

கோடம்பாக்கத்து மண்டபத்தில் மாப்பிள்ளையின் அப்பா திரவியம் தாம்பூலத் தட்டோடு எழுந்தார்.

"சித்தப்பா எங்க? எங்க வழக்கத்துல பொண்ணோட சித்தப்பா கையிலதான் தட்டைக் குடுப்போம்."

"சரக்கு எடுக்கச் சூரத் போயிருக்கான், அண்ணாச்சி."

"அதுக்கென்ன, போன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்துவோம்."

மறுக்க வழியில்லை. போனைப் போட்டுக் கொடுத்தார். திரவியம் சபைக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்து, தட்டை மாற்றலாமா என்று கேட்டார்.

"வணக்கம் அண்ணாச்சி! சூரத்துல சரியான வெயிலு," என்றான் பாலகணேஷ். மூச்சு இழுப்பது எல்லோருக்கும் கேட்டது. "நான் தூக்கி வளத்த புள்ள, பக்கத்துல இருக்கக் குடுத்து வைக்கல. எங்க அண்ணன் சொன்ன சொல்லு மாற மாட்டாரு, நம்பித் தட்டை மாத்துங்க."

கனகராஜுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒளித்து வைத்தவனே நற்சான்று கொடுக்கிறான். யார் முகத்தையும் பார்க்காமல் போனை வாங்கினார்.

"கணேசா, மாம்பலத்துலேர்ந்து ஒரு ஆட்டோ புடிச்சு வாடா."

தம்பி குரலைத் தணித்துக்கொண்டு, "அண்ணே, சம்பந்தி பக்கத்துல இருக்காரா?" என்றான்.

"இருக்காரு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருக்காரு," என்றார் கனகராஜ். "நீ வா."