மஞ்சள் குறிப்பு இல்லாத பெட்டி

வஜீதா வரைந்த வரைபடத்தில் 142 பெட்டிகள் உண்டு. அவற்றில் ஒன்று, கடந்த பிப்ரவரியில், ஒரு வியாழன் மதியம் 2.40 முதல் அடுத்த செவ்வாய் காலை வரை அணைந்து கிடந்தது. அணைத்தவர் என்று கணினி காட்டியது அவள் பெயரை. அந்த 2.40-க்கு அவள் வாணியம்பாடியில், தங்கையின் நிக்காஹ் விருந்தில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

வயது முப்பத்தொன்று. சொந்த ஊர் பேர்ணாம்பட்டு. அப்பா தோல் கம்பெனியில் பதனிடும் டிரம் ஓட்டியவர். வேலூரில் பாலிடெக்னிக் முடித்து, ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியின் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் இருபத்திரண்டு வயதில் சேர்ந்தாள். வீட்டில் ஆறு மாதம் கூடத் தாங்கமாட்டாள் என்று நினைத்தார்கள். ஒன்பது வருடம் ஆகிறது.

அங்கே இரண்டு விதமான தண்ணீர் வரும். தோலின் முடி நீக்கும் தொட்டியிலிருந்து சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீர். பதனிடும் டிரம்மிலிருந்து அமிலத் தண்ணீர். இரண்டும் கணக்கில்லாமல் கலந்தால் விஷவாயு கிளம்பும். முன்பெல்லாம் ஆட்கள் கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் வால்வைத் திருகினார்கள். அந்த வேலையை வஜீதா கணினிக்குக் கொண்டுவந்தாள். வரிவரியாக எழுதும் நிரல் அல்ல இது. திரையில் பெட்டிகளை வைத்துக் கோடுகளால் இணைத்தால், அந்தப் படமே பம்புகளையும் வால்வுகளையும் ஓட்டும். முடிக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. படத்தின் நடுவில் வாயுப் பெட்டி. இரண்டு தண்ணீரும் சேரும் கலவைத் தொட்டி மேலிருக்கும் உணர்கருவி அனுப்பும் எண் பத்தைத் தாண்டினால் அது அமில வால்வை மூடி, அலாரத்தை அடிக்கும்.

எந்தப் பெட்டியையும் அழிக்காமலே அணைத்து வைக்கலாம். அது சாம்பல் நிறத்துக்குப் போகும். கோடுகள் அப்படியே இருக்கும். ஒரு பம்பைத் தனியாகச் சோதிக்க இது வேண்டும். ஆனால் அணைந்த பெட்டி, அடுத்த பெட்டிக்குப் பூஜ்யத்தை அனுப்பும். பூஜ்யம் என்றால் எல்லாம் சுகம் என்று அடுத்த பெட்டி நினைத்துக்கொள்ளும். அதனால் வஜீதா ஒரு விதி வைத்தாள்: அணைப்பவர் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் குறிப்பு ஒட்டி, பெயர், காரணம், நேரம் எழுத வேண்டும்.

விதியைக் கேட்டு முதலில் சிரித்தவன் தமிழ்வேந்தன். ஏழு வருடமாக அவள் மேசையைப் பகிர்ந்துகொண்டவன். "இன்னா வஜீ, பாத்ரூம் போனாலும் சீட்டு எழுதி வெக்கணுமா?" என்றான். பிறகு அவன்தான் ஒழுங்காக எழுதினான். 'பம்ப் 3 சோதனை. 11.20. பசிக்குது. தமிழ்' என்று ஒரு குறிப்பு பல நாள் திரையில் கிடந்தது. ரம்ஜான் மாதத்தில் அவள் நோன்பு திறக்க வீட்டுக்குப் போக, மாலை ஷிப்டை அவன் பார்ப்பான். தீபாவளிக்கு அவன் ஷிப்டை அவள் பார்ப்பாள். நிக்காஹுக்கு விடுப்பு எடுத்தபோது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தன் பாஸ்வேர்டை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய் காலை அவள் திரும்பி வந்த அரை மணி நேரத்தில், கலவைத் தொட்டியின் நடைபாதையைப் பெருக்கிக்கொண்டிருந்த சவுரியம்மாள் துடைப்பத்தோடு சரிந்து விழுந்தார். அலாரம் அடிக்கவில்லை. இரண்டு பேர் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அவரை இழுத்து வந்தார்கள். வஜீதா ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். வாயு அளவு: பூஜ்யம். பின்னோக்கிப் பார்த்தாள். ஐந்து நாளும் பூஜ்யம். வெள்ளிக்கிழமை வார விடுமுறையில்கூட அந்தக் கருவி ஒன்று, இரண்டு என்று துடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாளும் சும்மா நிற்காது. வாயுப் பெட்டி சாம்பல் நிறத்தில் இருந்தது. பக்கத்தில் மஞ்சள் குறிப்பு இல்லை.

பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். டீ நேரத்தில் தமிழ்வேந்தனைத் தனியாகப் பிடித்தாள். அவன் மறுக்கவில்லை. அலாரம் ஒரு நாளைக்கு நாலு தடவை அடித்துக் கலவையை நிறுத்துகிறது, தொட்டி நிரம்பி வழிகிறது, டிரம் காத்திருக்கிறது என்று மேலாளர் பேஜார் பண்ணினாராம். இரண்டு மணி நேரத்துக்கு என்றுதான் அணைத்தானாம். திரும்பப் போட மறந்துவிட்டானாம்.

"மறந்துட்ட, சரி. சீட்டு ஏன் எழுதல?"

"எழுதியிருந்தா என் பேருல நின்னிருக்கும், வஜீ."

மறந்தவன் அப்படி யோசிக்கமாட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய பெயரில் நுழைந்ததும், குறிப்பு எழுதாமல் விட்டதும், ஒரே யோசனையின் இரண்டு பாதிகள்.

இரண்டாம் நாள் கம்பெனிக்குள்ளேயே விசாரணை. தமிழ்வேந்தன் நேராக உட்கார்ந்து, தனக்கு எதுவும் தெரியாது என்றான். "அவங்க வரைஞ்சது சார். அவங்க பாஸ்வேர்டு." நிக்காஹ் புகைப்படங்களை அவள் காட்டினாள். வீட்டிலிருந்தே இணைந்து மாற்றலாமே என்றார் மேலாளர். அந்த வசதியையும் அவள்தான் கேட்டு வாங்கியிருந்தாள். கடைசியில் தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். கவனக்குறைவால் நான் அணைத்தேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை போகாது, ஸ்டோருக்கு மாற்றம் மட்டும்தான் என்றார். ஒரு நாள் டைம் கேட்டாள்.

வெளியே வந்ததும் அவன் பின்னாலேயே வந்தான். "நீ சென்னைக்குப் போனா ஆயிரம் கம்பெனி எடுத்துப்பான். எனக்கு இத விட்டா இன்னா இருக்கு? ஸ்டோருதானே, போயிட்டு வந்துடேன்."

அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். ஏழு வருடத்தில் அவன் எழுதிய குறிப்புகளில் எத்தனை தன்னை நம்ப வைப்பதற்காக எழுதியவை என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினாள். பசிக்குது என்று எழுதியதைக்கூடச் சந்தேகப்படாமல் விட்டுவைக்க முடியவில்லை.

மறுநாள் வேலூர் ஆஸ்பத்திரியில் சவுரியம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு மெதுவாகத்தான் வந்தது. "மொதல்ல அழுகின முட்டை நாத்தம்மா. அப்புறம் நின்னுபோச்சு. இன்னிக்கு நாத்தம் கம்மின்னு சந்தோஷமா இன்னும் கொஞ்சம் உள்ள போய்ப் பெருக்கினேன்." அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும் என்று வஜீதா விளக்கினாள். அவர் கேட்டுவிட்டு, "அலாரம் எப்பவும் கத்துமே, அன்னிக்கு ஏன் கத்தல?" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மேலாளரின் தாளில் அதற்குப் பதில் இல்லை. வஜீதா ஆஸ்பத்திரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் வெள்ளைத் தாள் வாங்கி, அங்கேயே நின்று மூன்று பக்கம் எழுதினாள். டீ நேரத்தில் தமிழ்வேந்தன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதினாள். பாஸ்வேர்டைக் கொடுத்தது தன் தவறு என்றும் எழுதினாள். அதற்காகவே வேலை போகலாம் என்று அவளுக்குத் தெரியும். ஐந்து நாள் பூஜ்யத்தின் அச்சுப்பிரதியை இணைத்துத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டாள். கம்பெனித் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள். அன்று மாலையே அவளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

ஆய்வாளர் முன் விசாரணை அடுத்த மாதம் நாலாம் தேதி காலை பதினொன்றரைக்கு. தமிழ்வேந்தனுக்கும் அழைப்பு போயிருக்கிறது.