கரடி பார்க்கப் போனபோது முன்னால் நடந்தவள்

காட்டிலாகா ஆபீஸிலிருந்து வந்த கடிதத்தை எங்கள் ஊரில் என்னைத் தவிர யாராலும் படிக்க முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஏழு வயதிலிருந்து சேந்தமங்கலத்தில் தங்கி எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, அப்போதுதான் மலைமேல் இருக்கும் எங்கள் குண்டூர் நாட்டுக்குத் திரும்பியிருந்தேன். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, நான் நின்று படித்தேன். ஆனி மாதம் ஒரு துரையும் துரைசானியும் கரடி பார்க்க வருகிறார்கள். சுடுவதற்கில்லை, பார்க்க மட்டும். டோலி தூக்க எத்தனை பேர், கூடாரம் எங்கே, காட்டுக்குள் முன்னால் நடந்து வழிகாட்டப் போவது யார் என்று எழுதி அனுப்ப வேண்டும்.

எழுதியதெல்லாம் நான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் அப்பா யோசனை கேட்டது பெரியப்பா மகளிடம். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தைக் கண்ணால் கண்டதில்லை. எந்தப் பலாமரம் முதலில் பழுக்கும், கரடி எந்தப் பக்கமாக வரும், விடியலில் காற்று எங்கிருந்து வீசும், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கிழங்கை உரித்துத் தின்றுகொண்டே சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது.

“வழிகாட்ட இவ பேர எழுது சாமி” என்றார் அப்பா.

என் பெயரை எழுதினேன். படிக்கச் சொன்னபோது அவள் பெயரைப் படித்தேன்.

அவர்கள் வந்த மறுநாள் விடியலில் ரேஞ்சர் காகிதத்தைப் பிரித்து என் பெயரைக் கூப்பிட்டார். அப்பா என்னையே பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“அவளே போவட்டுங்க. நான் ரெண்டாவதா வாரேன்” என்றாள் அக்கா. பிறகு என்னிடம் மெதுவாக, “தலையத் தூக்காத கண்ணு. கீழயே பாத்து நட” என்றாள்.

பொறாமையில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். துரைசானிக்கு முன்னால் நடக்கும் பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காட்டுக்குள் சிறிது தூரம் போன பிறகுதான் புரிந்தது. எங்கள் ஆட்கள் காட்டில் நடக்கும்போது முதல் ஆள் தரையை மட்டும் பார்ப்பார். பாம்பு கிடக்கிறதா என்று கவனித்து, சுள்ளிகளைச் சத்தமில்லாமல் ஒதுக்கிக்கொண்டே போவார். மரத்தையும் புதரையும் பார்ப்பது இரண்டாவது ஆள். அவர் எந்தத் தோளைத் தொடுகிறாரோ அந்தப் பக்கம் முதல் ஆள் திரும்ப வேண்டும். மலையில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த இந்த வழக்கத்தை நான் மறந்திருந்தேன்.

அக்கா இடது தோளைத் தொட்டாள், திரும்பினேன். வலது தோளைத் தொட்டாள், திரும்பினேன். திடீரென்று, அப்படியே நில் என்பதுபோல் இரண்டு தோள்களையும் அழுத்தினாள். என் பாதத்துக்குக் கீழே ஒரு காய்ந்த கிளை. முழுதாக மிதித்தால் முறிந்து சத்தம் போடும். பாதி மிதித்த காலோடு, அதையே பார்த்தபடி நின்றேன். எங்கோ மரப்பட்டையை நகங்கள் பிறாண்டும் சத்தம். பின்னால் துரைசானி மூச்சை இழுத்துப் பிடித்தாள். அக்கா கையை எடுத்த பிறகு நான் நிமிர்ந்தபோது பலா இலைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

துரைசானி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இதற்கு முன் இவ்வளவு பெரிய கரடியைப் பார்த்திருக்கிறாயா என்று அவள் கேட்பதாக ரேஞ்சர் சொன்னார்.

“இப்பத்தானுங்க பாக்கறேன்” என்றேன்.

அக்கா ஊர்ப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

ஊருக்கு வந்ததும் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். தாய்க்கரடி, இரண்டு குட்டிகள், அதில் ஒன்று தாயின் முதுகில் என்று கைகளால் காட்டிக்காட்டிச் சொன்னாள். அந்தக் குட்டி விழாமல் எப்படிப் பிடித்திருந்தது என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நானும் பார்த்தவள் ஆயிற்றே, எப்படிக் கேட்பது?